வளர்த்திக்கு இரண்டு இஞ்ச்

என் தங்கைக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயர் ஒன்று இருக்கிறது. கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். எல்லாருக்கும் அவள் டேப்பு. நடக்க ஆரம்பித்த வயதிலிருந்தே அளவெடுக்கும் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்ததால் வந்த பெயர். மேஜைக் காலை அளப்பாள், வாசலில் படுத்திருக்கும் நாயின் வாலை அளப்பாள், மத்தியானம் தூங்குகிற அப்பாவின் மூக்கை அளந்து மாஸ்டரிடம் போய்ச் சொல்வாள். மாஸ்டர் என்றால் எங்கள் கடையில் துணி வெட்டுகிறவர். "மூக்குக்குச் சட்டை தைக்கணுமா? காலர் வெச்சா, காலர் இல்லாமயா?" என்று அவர் கேட்பார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "காலர் வெச்சு" என்பாள்.

எங்களுடையது பள்ளிச் சீருடை தைக்கும் கடை. ஒரே அறை. சுவரோரமாக இரண்டு தையல் மெஷின், நடுவில் வெட்டும் மேஜை, மூலையில் அம்மா உட்கார்ந்து காஜா எடுக்கும் ஸ்டூல். கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆளுயரக் கண்ணாடி. அதன் மேல்பகுதி எப்போதோ உடைந்துவிட்டதால் அதில் கழுத்துக்குக் கீழேதான் தெரியும். மாற்ற வேண்டும் என்று அம்மா சொல்வாள். "சீருடைக்கு முகம் எதுக்கு?" என்பார் மாஸ்டர். கண்ணாடி அப்படியே இருக்கிறது.

அப்பாவுக்குப் பிறகு அளவெடுக்கும் வேலை எனக்கு வந்தது. நான் பத்தாவதோடு நின்றவள். டேப்பு நிற்கவில்லை. அரசுக் கல்லூரியில் புள்ளியியல் படிப்பில் சேர்ந்தாள். அது என்ன படிப்பு என்று கேட்ட வாடிக்கையாளர்களிடம், "நாம ஒருத்தர் ஒருத்தரா அளக்கறோம், அவ ஊரையே மொத்தமா அளக்கப் போறா" என்று மாஸ்டர் விளக்கம் சொன்னார். கிட்டத்தட்ட சரியாகத்தான் சொன்னார்.

இங்கே எங்கள் கடையில் அளவெடுக்கும் முறையைச் சொல்லிவிட வேண்டும். பெரியவர்களுக்கு டேப்பின் நுனியைப் பிடித்து அளப்போம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படிச் செய்வதில்லை. டேப்பில் இரண்டு என்று போட்டிருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, அதை இடுப்பில் வைத்துக் கீழே இறக்குவோம். கீழே வரும் எண்ணை அப்படியே வாய்விட்டுச் சொல்வோம். மாஸ்டர் அதை எழுதிக்கொள்வார். வளர்கிற பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய இரண்டு இஞ்ச் தானாகவே கணக்கில் சேர்ந்துவிடும். கூட்டலும் வேண்டாம், மறதியும் வராது. அந்த மிச்சத் துணியை மாஸ்டர் உள்ளே மடித்துத் தைத்துவிடுவார். பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரித்துவிட்டால் போதும். இதற்கு வளர்த்தி என்று பெயர். அப்பா செய்த முறை இது. நானும் டேப்பும் எப்போது கற்றுக்கொண்டோம் என்று எங்களுக்கே தெரியாது.

கல்லூரியில் இரண்டாவது வருடம் படிக்கும்போது, அவளுடைய செமஸ்டர் விடுமுறையில் ரிப்பேர் துணி மூட்டையைப் பிரித்து வைக்கும் வேலையை அவளிடம் கொடுத்தேன். கிழிந்தது, நைந்தது, பட்டன் போனது என்று பிரிக்க வேண்டும். அவள் வேறு மாதிரி பிரித்து வைத்திருந்தாள்.

"அக்கா, இங்க வா. சின்னப் பசங்க துணி எல்லாம் ஒரே இடத்துல நைஞ்சிருக்கு பாரு."

"பெஞ்சுல உக்காந்தா நையத்தான் செய்யும்."

"பெரிய பசங்களுது உக்கார்ற இடத்துல நைஞ்சிருக்கு. சின்னதுங்களுது தொடைக்கு அடியில கோடு போட்ட மாதிரி நைஞ்சிருக்கு. ஏன்?"

"ஏன்னா துணி மட்டம். ஜவுளிக் கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றாள் அம்மா, பல்லால் நூலைக் கடித்தபடி.

டேப்பு மறுநாளே பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போனாள். அங்கே ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஒரே உயரப் பெஞ்சு. பதினேழு இஞ்ச். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே நுனிக்காலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்பில் கால்கள் எல்லாம் அந்தரத்தில் தொங்கின. தொங்கும் காலின் கனம் முழுவதையும் பெஞ்சு விளிம்பு தொடைக்கு அடியில் தாங்குகிறது. துணி நைவது அங்கேதான். துணிக்கு அடியில் இருக்கும் பிள்ளையின் கால் மரத்துப்போவதும் அங்கேதான். கால் மரத்தால் பிள்ளை எழுந்து நிற்கும், நெளியும். வாத்தியார் திட்டுவார்.

அவள் துறைப் பேராசிரியை இதை ஓர் ஆய்வாகவே செய்யச் சொன்னார். இளநிலை மாணவர்கள் இப்படிச் செய்வது அந்தக் கல்லூரிக்குப் புதிது. சின்ன வகுப்புப் பிள்ளைகளை, முதல் மூன்று வகுப்புகளை, எடுத்துக்கொண்டாள். பல பள்ளிகளுக்குப் போய், ஒவ்வொரு பிள்ளைக்கும் முழங்கால் மடிப்பிலிருந்து பாதம் வரை அளந்தாள். கூட வந்த இரண்டு தோழிகள் எழுதிக்கொண்டார்கள். அளப்பதை மட்டும் அவள் யாருக்கும் விடவில்லை. முழங்காலுக்குப் பின்னால் தொட்டால் பிள்ளைகள் கூச்சத்தில் துள்ளும். துள்ளுகிற பிள்ளையை அளக்க எங்கள் வீட்டில் வளர்ந்தவளால்தான் முடியும். கணக்கெல்லாம் போட்டு முடித்தபோது, சின்ன வகுப்புகளுக்குப் பெஞ்சு பதினைந்து இஞ்ச் இருந்தால் போதும் என்று வந்தது.

வருடத்துக்கு ஒரு நாள், சட்டமன்றக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் கல்லூரி மாணவர்களின் ஆய்வுகளை உறுப்பினர்களுக்குக் காட்சிக்கு வைக்கும் வழக்கம் இருக்கிறது. அந்த வருடம் டேப்பின் ஆய்வைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் கல்லூரியிலிருந்து முதல் தடவையாக ஒருவர் போகிறார். அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் புதுப் பெஞ்சு செய்யச் சட்டமன்றக் கல்விக் குழு அந்தக் கூட்டத்தொடரில்தான் அளவு முடிவுசெய்ய இருந்தது. "நீ அங்க சொல்ற எண் அப்படியே ஆர்டர்ல போனாலும் போகும்" என்று பேராசிரியை சொன்னாராம். பெஞ்சு ஒரு தடவை செய்தால் லேசில் மாற்ற மாட்டார்கள். அந்த எண்ணில்தான் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் உட்காரும்.

போஸ்டர் அச்சாகி வந்தது. நடுவில் பெரிய எழுத்தில் பதினைந்து. தெருக்கோடித் தச்சர் அதே உயரத்தில் ஒரு மாதிரிப் பெஞ்சு செய்து கொடுத்தார். காட்சிக்கு முந்தின நாள் அது கடைக்கு வந்தது. சட்டமன்றத் தரையில் கீறல் விழக் கூடாதென்று அதன் நாலு காலுக்கும் நான் துணியில் உறை தைத்துக்கொண்டிருந்தேன்.

"அதுக்கு சாக்ஸ் போட்டாச்சு. இன்னும் ஷூ ஒண்ணுதான் பாக்கி" என்றார் மாஸ்டர்.

அப்போது ஓர் அம்மா, இரண்டாம் வகுப்பில் சேர்ந்த மகளைச் சீருடை அளவுக்கு அழைத்து வந்தார். டேப்பு அந்தப் பெண்ணைத் தூக்கிப் பெஞ்சில் உட்காரவைத்தாள். எல்லாரும் பார்த்தோம். பெண்ணின் குதிகால் தரையைத் தொடவில்லை. நுனிவிரல்கூடத் தொடவில்லை.

"நல்லா பின்னாடி தள்ளி உக்காரும்மா."

பின்னால் தள்ளி உட்கார்ந்தாள். கால் இன்னும் மேலே போனது.

"இந்தப் பொண்ணு குள்ளம்" என்றார் மாஸ்டர்.

"வகுப்புலயே இவதாங்க உசரம்" என்றார் அந்த அம்மா, முகம் சுருங்கி.

டேப்பு தச்சர் செய்த பெஞ்சை அளந்தாள். பதினைந்து சரியாக இருந்தது. நான் அந்தப் பெண்ணை இறக்கி, பாவாடைக்கு அளவெடுத்து, "இருபது" என்று மாஸ்டரிடம் சொன்னேன்.

"அக்கா, திரும்பச் சொல்லு."

"இருபது."

"டேப்ப எடுக்காத. அப்படியே பிடி." அவள் குனிந்து என் கையைப் பார்த்தாள். என் கட்டைவிரலுக்கு மேலே டேப்பின் நுனி இரண்டு இஞ்ச் நீட்டிக்கொண்டிருந்தது. "அப்ப இவளோட அளவு பதினெட்டுதானே?"

"ஆமா. வளர்த்தி ரெண்டு. இதென்ன புதுசா கேக்கற?"

அவள் கழுத்திலிருந்து தன் டேப்பை எடுத்தாள். அந்தப் பெண்ணின் முன் முழங்காலிட்டு, முழங்கால் மடிப்பிலிருந்து பாதம் வரை, பள்ளிகளில் அளந்த மாதிரியே அளந்தாள். பிறகு அசையாமல் இருந்துகொண்டு, தன் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். அது இரண்டில் இருந்தது. பெரியவர்களை அளந்திருந்தால் நுனியில் இருந்திருக்கும். பிள்ளையைக் கண்டதும் கை தானாகப் போய் இரண்டில் உட்கார்ந்துவிட்டது.

அம்மா காஜா ஊசியைத் துணியில் குத்திவிட்டு நிமிர்ந்தாள்.

டேப்பு மாஸ்டரின் மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். மர ஸ்கேலுக்கு மடங்கத் தெரியாது, கட்டைவிரல் வைக்கவும் இடம் கிடையாது. கடைசி மணி அடிப்பதற்குள் ஒரு வகுப்பை மறுபடி அளந்துவிட்டு வந்தாள். எல்லாப் பிள்ளைக்கும் பழைய அளவைவிட இரண்டு இஞ்ச் குறைவு. ஒருத்தரும் தப்பவில்லை. அவள் கை அவ்வளவு சீராக வேலை செய்திருக்கிறது. பெஞ்சு பதின்மூன்று இஞ்ச் இருக்க வேண்டும்.

கடையிலிருந்தே பேராசிரியைக்குப் போன் செய்தாள். அவர் குரல் எங்களுக்கும் கேட்டது.

"மேடம், என் அளவு எல்லாமே ரெண்டு இஞ்ச் அதிகம்."

"என்னம்மா சொல்ற? நாளைக்குக் காலையில அங்க நிக்கணும் நீ."

டேப்பு விவரம் சொன்னாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"சரி. இருக்கற பெஞ்சு உயரம் அதிகம்னு சொன்ன. அது மாறலையே? இன்னும் பலமாத்தானே ஆகியிருக்கு?"

"ஆமா மேடம். ஆனா என்ன உயரம் வேணும்னு சொன்னது தப்பு."

"ஒண்ணு செய். நாளைக்குப் போஸ்டர்ல இருக்கறதச் சொல்லு. சரியான எண்ண அப்புறமா எழுதி அனுப்பலாம்."

"அப்புறமா அனுப்பறத யார் மேடம் படிப்பாங்க?"

"நான் தப்பா அளந்தேன்னு அங்க போய்ச் சொன்னா உன்ன மட்டும் சிரிக்க மாட்டாங்க. காலேஜையே சிரிப்பாங்க. முதல் தடவையா கூப்பிட்டிருக்காங்க. இனிமே நம்ம பசங்க யாரையும் கூப்பிட மாட்டாங்க. யோசிச்சுக்கோ. நான் உன்னத் தடுக்க மாட்டேன்."

போனை வைத்துவிட்டு அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். "ரெண்டு இஞ்ச்தானே டேப்பு. பதினேழு எங்க, பதினஞ்சு எங்க? அதுவே புண்ணியம். புள்ளைங்க எப்படியும் வளர்ந்துடும்."

"அதத்தான்க்கா பதினேழு செஞ்சவனும் சொல்லியிருப்பான்."

அவள் தச்சரைக் கூப்பிட்டு வந்தாள். நான் தைத்த உறைகளைக் கழற்றிவிட்டு அவர் நாலு காலிலும் இரண்டு இரண்டு இஞ்ச் அறுத்தார். அறுத்த துண்டுகளில் ஒன்றை மாஸ்டர் எடுத்து, சாக்பீஸ் உருளாமல் இருக்க மேஜையில் முட்டுக்கொடுத்து வைத்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

போஸ்டரில் இருந்த பதினைந்தை மறைக்க, பின்புலத்தின் அதே வெளிர் நீலத்தில் ஒரு தாளைத் தேடி எடுத்து ஓரம் பிசிறில்லாமல் வெட்டினேன். ஒட்டுப் போட்டது தெரியாமல் ஒட்டுவதுதான் எங்கள் தொழிலில் மரியாதை. டேப்பு அதை வாங்கிக்கொள்ளவில்லை. சிவப்புப் பேனாவால் பதினைந்தின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தாள். அடித்த எண்ணும் படிக்கிற மாதிரி தெரிந்தது. அதற்குக் கீழே பதின்மூன்று என்று எழுதினாள்.

"அசிங்கமா இருக்குடி."

"இருக்கட்டும். முன்னாடி என்ன சொன்னேன்னு தெரியணும். எங்க பாடத்துல இப்படித்தான் அடிப்பாங்க."

"எங்க தொழில்ல இப்படி அடிச்சா அடுத்த வருஷம் யாரும் துணி கொண்டு வர மாட்டாங்க" என்றாள் அம்மா. ஆனாலும் போஸ்டரைச் சுருட்டும்போது சிவப்பு மை ஒட்டிக்கொள்ளாமல் நடுவில் ஒரு துணியை வைத்துக் கொடுத்தவள் அவள்தான்.

பெஞ்சைத் தூக்க ஆள் வேண்டும் என்பதால் மறுநாள் நானும் போனேன். வாசலில் காவலர் என் பையைத் திறந்து கத்திரிக்கோலை எடுத்து வைத்துக்கொண்டார். பழக்கத்தில் பையிலேயே கிடந்தது.

"இது என்ன பெஞ்சு? உள்ள உக்கார எடமில்லன்னு வீட்டுல இருந்தே கொண்டாந்துட்டீங்களா?"

"இது பசங்களுக்குண்ணா" என்றாள் டேப்பு.

"உள்ள இருக்கறவங்களும் பசங்க மாதிரிதான் சண்டை போடுவாங்க. கொண்டுபோங்க."

தாழ்வாரம் நீளமாக இருந்தது. தரையில் எங்கள் முகம் தெரிந்தது. கடைக் கண்ணாடியில் தெரியாத முகம். இரண்டு பக்கமும் போஸ்டர்கள், அவற்றுக்குப் பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையில் மாணவர்கள். எங்களுக்கு அடுத்து நின்ற மாணவன் கலங்கல் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றித் தெளிவாக வாங்கிக் காட்டினான். கூட்டம் முழுக்க அவனிடம் நின்றது. உறுப்பினர்கள் இரண்டிரண்டு பேராக வந்தார்கள். ஒவ்வொரு போஸ்டர் முன்னும் கையைக் கட்டி நின்று, தலையை ஆட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு, "ரொம்ப நல்லது, ரொம்ப நல்லது" என்று சொல்லி நகர்ந்தார்கள். பேராசிரியை டேப்புக்குப் பக்கத்தில் நின்றார். சிவப்புக் கோட்டைக் காலையிலேயே பார்த்துவிட்டார். கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

டேப்பிடம் வந்தவர்கள் பெஞ்சைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். கல்விக் குழுவில் இருப்பவர்கள் மத்தியானத்துக்கு முன்னால்தான் வந்தார்கள். ஒருவர் பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அவருக்குப் பின்னால் குழுத் தலைவி. குள்ளமான பெண்மணி. கூட்டத்தில் அவரைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

பெரிய குரல்காரர் போஸ்டர் முன் நின்றார். "என்னம்மா இது, பதினஞ்ச அடிச்சுட்டு பதிமூணு போட்டிருக்க? அச்சடிச்சவன் சொதப்பிட்டானா?"

பேராசிரியை வாயைத் திறந்தார். அச்சடித்தவன் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். டேப்பு முந்திக்கொண்டாள்.

"இல்ல சார். நான்தான் தப்பா அளந்துட்டேன்."

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன்கூடத் திரும்பிப் பார்த்தான். உறுப்பினர் சத்தமாகச் சிரித்தார். "இந்தக் கட்டடத்துல இப்படி ஒருத்தர் சொல்லி நான் இதுவரைக்கும் கேட்டதே இல்ல. யாராவது எழுதி வைங்கப்பா." கூட வந்தவர்களும் சிரித்தார்கள். பேராசிரியையின் காது சிவந்தது.

தலைவி மட்டும் சிரிக்கவில்லை. "எப்படித் தப்பாச்சு?"

டேப்பு கழுத்திலிருந்த டேப்பை எடுத்துப் பெஞ்சுக் காலில் வைத்துக் காட்டினாள். "நாங்க பள்ளிச் சீருடை தைக்கற வீடு மேடம். பசங்கள அளக்கும்போது எங்க கை ரெண்டுல பிடிக்கும். வளர்ற புள்ளைங்கன்னு. ஆய்வுக்கு அளந்தப்பவும் என் கை அப்படியே பிடிச்சிருக்கு. நேத்துதான் தெரிஞ்சுது."

"அட, அந்த ரெண்டு இஞ்ச்ச விட்டே வையேன்" என்றார் பெரிய குரல்காரர். "புள்ளைங்க வளரும்ல? எங்கம்மாவும் எனக்கு அப்படித்தான் தைச்சாங்க. ஒரே டவுசர் மூணு வருஷம் வந்துச்சு."

"டவுசர்ல மிச்சத்த உள்ள மடிச்சுத் தைப்போம் சார். பெஞ்சுக்கால எங்க மடிக்கறது?"

"பேசுதே இந்தப் பொண்ணு! சரி, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம், பதினாலு. போட்டுக்கலாமா?"

டேப்பு என்னை ஒரு தடவை பார்த்தாள். கடையில் வாடிக்கையாளர் பேரம் பேசும்போது பார்க்கிற பார்வை. பிறகு அவரிடம் சொன்னாள்: "புள்ள வளரும் சார். வளர்ந்து அடுத்த வகுப்புக்குப் போயிடும். பெஞ்சு அங்கயேதான் இருக்கும். அடுத்த வருஷம் அதுல வேற ஒரு சின்னப் புள்ள வந்து உக்காரும். அதோட காலும் தொங்கும். ஒண்ணாம் வகுப்பு எந்த வருஷமும் வளராது சார்."

அவர் பெஞ்சைப் பார்த்தார்.

தலைவி தன் கைப்பையைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு நின்றாலும் இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. அவர் அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"உள்ள எனக்குப் போட்டிருக்கற நாற்காலில கால் எட்டாது. அரை மணி நேரத்துல மரத்துப்போகும். மேஜைக்கு அடியில ஒரு அட்டைப்பெட்டி வெச்சிருக்கேன், யாருக்கும் தெரியாது."

"அதான் மேடம் அடிக்கடி வெளிநடப்பு செய்யறாங்களா?" என்றார் பெரிய குரல்காரர். இந்தத் தடவை தலைவியும் சிரித்தார். சிரித்து முடித்ததும் டேப்பைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சிரிப்பு இல்லை.

"ஒரு தடவை தப்பா அளந்த பொண்ணு நீ. ரெண்டாவது தடவை சரியா அளந்தன்னு நான் எத வெச்சு நம்பறது?"

"நம்பாதீங்க மேடம். உங்க ஆளுங்கள அனுப்பி அளக்கச் சொல்லுங்க. டேப்ல வேணாம், மர ஸ்கேல்ல அளக்கச் சொல்லுங்க. என் எண்ணு தப்புன்னா திரும்பவும் அடிச்சுடறேன்."

தலைவி எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். உதவியாளரிடம் ஏதோ சொன்னார். அவர் எழுதிக்கொண்டார். அதற்குள் தண்ணீர்க்காரனிடமிருந்து கைத்தட்டல் கேட்டது, எல்லாரும் அங்கே போய்விட்டார்கள்.

சிறந்த ஆய்வுக்கான பரிசு தண்ணீருக்குக் கிடைத்தது. அது நியாயம்தான். நானே இரண்டு தடவை அவன் ஊற்றுவதை நின்று பார்த்தேன்.

திரும்பி வரும் வழியில் பேராசிரியை வெகுநேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்குவதற்கு முன்னால், "அடுத்த வருஷம் நம்மளக் கூப்பிடுவாங்களான்னு தெரியல" என்றார். கொஞ்சம் கழித்து, "கூப்பிடலன்னாலும் பரவால்ல" என்றார். அடுத்த வருடம் கூப்பிட்டார்கள். அந்தத் தடவை டேப்பின் தோழிகளில் ஒருத்தி போனாள்.

குழுவிலிருந்து உண்மையிலேயே ஆள் அனுப்பினார்கள். டேப்பு போகாத பள்ளிகளில் அளந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. உத்தரவு வருவதற்குப் பல மாதமானது. முதல் மூன்று வகுப்புகளுக்குப் பதின்மூன்று இஞ்ச் என்று வந்தது. மேல் வகுப்புகளுக்குப் பழைய பதினேழே நீடிக்கும் என்றும் வந்தது. அந்த வகுப்புகளை யாரும் அளக்கவில்லை என்று காரணம் சொல்லியிருந்தார்கள். டேப்பு அதைப் படித்துவிட்டு, அளக்காதது தன் குறைதான் என்று சொல்லி, மாஸ்டரின் மர ஸ்கேலை மறுபடி எடுத்துக்கொண்டு போனாள். அதைக் கேட்காமல் எடுத்தாள் என்று மாஸ்டர் இரண்டு நாள் முறைப்பாக இருந்தார். மூன்றாவது நாள் தானே ஒரு புது ஸ்கேல் வாங்கிவந்து, "இது கடையோடது, இத எடுக்காத" என்று பழையதை அவளுக்கே கொடுத்துவிட்டார்.

மாதிரிப் பெஞ்சு கடைக்குத் திரும்பி வந்துவிட்டது. உடைந்த கண்ணாடிக்கு எதிரே போட்டிருக்கிறோம். அளவெடுக்க வரும் பிள்ளைகள் முறை வரும்வரை அதில் உட்காருகிறார்கள். நான் இன்னும் சீருடைக்கு இரண்டில்தான் பிடிக்கிறேன். டேப்பு அளந்தால் நுனியிலிருந்து பிடித்து, "பதினெட்டு, வளர்த்தி ரெண்டு" என்று தனித்தனியாகச் சொல்கிறாள். "கூட்டற வேல இப்ப எனக்கு வந்துடுச்சு" என்று மாஸ்டர் முணுமுணுக்கிறார்.

புதுப் பெஞ்சுகள் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கு வந்து ஒரு வருடமான பிறகு, விடுமுறையில் ரிப்பேர் மூட்டை வந்தது. டேப்பு கல்லூரி முடித்திருந்தாள். வேலைக்குச் சேர இன்னும் நாள் இருந்ததால் மூட்டையை அவளே பிரித்தாள். நான் மெஷினில் இருந்தபடி பார்த்தேன். சின்ன வகுப்புத் துணிகளை ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே பிடித்து, தொடைக்கு அடியில் பார்த்துவிட்டு, ஒரு பக்கமாக வைத்தாள். கடைசித் துணி வரைக்கும் அப்படியே செய்தாள். அந்த இடத்தில் கோடு இல்லை. ஒன்றில்கூட இல்லை.

அம்மா ஒரு கால்சட்டையை எடுத்துக் கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். முழங்காலில் கிழிந்திருந்த ஓட்டை வழியாக அவள் விரல் வெளியே வந்தது. அடுத்ததை எடுத்தாள். அதிலும் முழங்காலில் ஓட்டை.

"இப்ப எல்லாம் இங்க கிழிச்சுட்டு வருதுங்க. இதுக்கும் போய்ச் சட்டமன்றத்துல ஒரு பெஞ்சு போடேன்."

"அது ஓடி விழுந்து கிழிஞ்சதும்மா" என்றாள் டேப்பு. "அத அப்படியே விடு, ஒட்டுப் போட்டுக்கலாம்."